மேல் ஓஸ் சுட வேண்டும்

காரவள்ளியில்தான் கொல்லிமலை ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். மளிகையும் சிமெண்டும் ஏற்றிப் போய், பலாவும் வாழையும் ஏற்றி இறங்கும் பிக்கப் வண்டி ஒன்று, அடிவாரத்து வீட்டு வாசலில் பானெட் திறந்து நின்றது. பத்து வளைவு ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறதாம்.

மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். லாரிப் பட்டறையில் பழகிய கை. தண்ணீர் அளவு, ஃபேன் பெல்ட் இரண்டையும் பார்த்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். முள் பாதியைத் தாண்டியதும் இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸைப் பிடித்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். சுடவே இல்லை.

“இன்ஜின் வேகுது, ஓஸ் ஆறிக் கெடக்குது. நடுவுல கதவு சாத்தியிருக்குதுங்க.”

அந்தக் கதவுதான் தெர்மோஸ்டாட். உள்ளே ஒரு குப்பியில் மெழுகு. சூடேறினால் மெழுகு உருகிப் பெருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் இழுத்துச் சாத்தும். கரண்ட் இல்லை, ஒயர் இல்லை.

“கழட்டிப் போட்டுட்டு ஓட்டலாமுங்களாண்ணா? நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார் வண்டிக்காரர்.

“தை மாசம் வெடியக்காலம் மலையெறங்கறப்ப உன்ற இன்ஜின் சூடே புடிக்காது தம்பி. டீசல் ஒழுங்கா எரியாது. மைலேஜ் போச்சுன்னு அப்புறம் என்னையத்தான் தேடுவ.”

இன்ஜின் ஆற முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதன்பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். பச்சைக் கூலன்ட் பேசினில் இறங்கியதும் முதல் வேலையாக அதை மூடி, கன்றுக்குட்டிக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னார். இனிப்பாக இருக்கும், நக்கினால் விஷம்.

தெர்மோஸ்டாட் மூடியில் இரண்டு போல்ட். மூடியைத் தட்டி எடுத்ததும் துருச்சேறு பூசிய வால்வு வந்தது. புதியதை அப்படியே மாட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஒரு பழைய குண்டா குடு சாமி” என்றார்.

பழையதையும் புதியதையும் நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டார். பாத்திரத்தின் அடி தண்ணீரைவிடச் சூடு. பட்டால் கணக்குத் தப்பும். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். புதிய வால்வில் 82 என்று பொறித்திருந்தது. அந்தச் சூட்டை ஒட்டி அதன் விளிம்பில் நகக்கீறல் அளவு இடைவெளி தெரிந்தது. 90 தாண்டியதும் விரல் நுனி நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. பழையது தண்ணீர் தளதளவென்று கொதித்தபோதும் அசையவில்லை.

“புதுசுன்னு நம்பி மாட்டக் கூடாதுங்க. சாமான் மாத்தறது கால் மணி நேர வேலை. அதுதான் குத்தவாளியான்னு பாக்கறதுக்குத்தான் கூலி.”

ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி, சின்ன ஆணி ஆடும் ஓட்டை மேலே வரும்படி வால்வை உட்காரவைத்தார். காற்று அந்த வழியாக வெளியேற வேண்டும். கூலன்ட் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்.

முள் மெல்ல ஏறியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேல் ஓஸில் கை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். சில நிமிடங்கள் கழிந்தன. வெடுக்கென்று கையை எடுத்து உதறினார்.

“தொறந்திருச்சு.”