நான் போடாத பெயர்



மில் நாட்களைப் பற்றி எழுதும்போது, நான் கொஞ்ச காலம் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். "அதைப் பற்றி விரிவாக எழுதலாமே" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இன்று அதையே எழுதுகிறேன்.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில். காலையில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். மாலையில் திரும்பி வந்து கோர்ட் செய்தி, தேர் செய்தி, தண்ணீர்க் குழாய் செய்தி என்று எழுதி, கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். அச்சில் வந்த வரிகளை அளந்து மாதக் கடைசியில் பணம் அனுப்புவார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் கடைத்தெருவில் "நிருபர் சார்" என்று கூப்பிடுவார்கள். அது போதுமாக இருந்தது.

கூடைப்பந்து என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்கு ராஜபாளையம்தான். அமெரிக்காவில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்த விளையாட்டு. மழையும் புழுதியும் தாண்டி நம்மூர்ப் பையன்கள் அதை விடியற்காலையில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் பிடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வேலை. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். எல்லாவற்றிலும் கூடைப்பந்து அணி உண்டு. நன்றாக ஆடினால் வேலை. மில்லில் ஷிப்டு பார்க்கும் அப்பாவுக்குப் பிறந்த பையன் பேங்க் நாற்காலியில் உட்காரலாம். அதற்குக் கல்லூரி அணியில் ஆடிப் பெயர் எடுக்க வேண்டும்.

1985 கடைசியில், எங்கள் மில் தொழிலாளி ஒருவரின் மகன் உள்ளூர்க் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஆறேகால் அடி உயரம். வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் காரில் அவன் வீட்டுக்கு வந்தார். கையில் புது ஷூ. "பீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், மாசம் நூறு ரூபாய் கைச்செலவுக்கு, படிப்பு முடிஞ்சா பேங்க் வேலை எங்க பொறுப்பு" என்றார். "டி.சி. இப்ப வாங்க வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றும் சொன்னார். பையனிடம் இரண்டு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

1986 ஜனவரியில் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி. அரையிறுதியில் தோற்ற அணி, பையன் பெயர் வேறொரு கல்லூரி வருகைப் பதிவேட்டிலும் இருக்கிறது என்று நகலோடு புகார் கொடுத்தது. அணியை நீக்கினார்கள். கூட்டிப்போன கல்லூரி, "மாணவர் போலிச் சான்றிதழ் கொடுத்து எங்களை ஏமாற்றிவிட்டார்" என்றது. உள்ளூர்க் கல்லூரி அவன் பெயரை நீக்கியது. இரண்டு இடத்திலும் படிப்பு போயிற்று.

செய்தி என் கைக்கு வந்தது. சான்றிதழின் நகலை நான் பார்த்தேன். கல்லூரி லெட்டர்பேடில் டைப் அடித்து, முத்திரை குத்தி, ஜூன் மாதத் தேதி போட்டிருந்தது. ஷூ வாங்கக்கூடக் காசில்லாத பத்தொன்பது வயதுப் பையன் அதைத் தயாரித்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். காரில் வந்தவர் யார் என்பதும் தெரியும்.

நான் எழுதியது பன்னிரண்டு வரி. "போலிச் சான்றிதழ் கொடுத்து விளையாடிய மாணவர் சிக்கினார்." பையன் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் இருந்தது. கூட்டிப்போன கல்லூரி மட்டும் "ஒரு தனியார் கல்லூரி" ஆகிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற பயம். தொழிலாளி வீட்டிலிருந்து நோட்டீஸ் வராது அல்லவா?

மூன்றாம் நாள் அந்த அப்பா ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"சார், சர்டிபிகேட்டை அவுகளேதான் கொண்டாந்தாக. எம்மவன் கையெழுத்துத்தான் போட்டான். அதைப் போடலையே?"

"நான் எழுதித்தான் அனுப்பினேன். மதுரையில வெட்டிட்டாங்க" என்றேன்.

அது பொய். மதுரையில் ஒரு எழுத்தைக்கூட வெட்டவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடமே நான் நிருபர் வேலையை விட்டேன். வீட்டில் உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னேன்.

இனி முப்பது வருடத்துக்கு மேல் தாண்டி வாருங்கள். 2019-ல் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊர். அங்கே பல்கலைக்கழகக் கூடைப்பந்து என்றால் நமக்கு ஆண்டாள் தேர் மாதிரி. கடை, வீடு, கார் எல்லாம் அணியின் நீல நிறம். ஒருநாள் டி.வி.யில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை ஒரு பழைய கதை சொன்னார்.

1985 அக்டோபரில் அந்த ஊர்ப் பத்திரிகையான லெக்சிங்டன் ஹெரால்டு-லீடர், சொந்த ஊர் அணியைப் பற்றியே எழுதியது. ஜெஃப்ரி மார்க்ஸ், மைக்கேல் யார்க் என்ற இரண்டு நிருபர்கள் பழைய ஆட்டக்காரர்கள் 33 பேரிடம் பேசினார்கள். விதியை மீறிப் பணமோ சலுகையோ பெற்றதாக 26 பேர் ஒத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் கை குலுக்கும்போது உள்ளங்கையில் நோட்டு மாறும். மாணவனுக்குக் கிடைத்த இலவச டிக்கெட்டைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவார்கள். கொடுக்கிறவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். ஊரே கொதித்தது. சந்தாவை நிறுத்தினார்கள், மிரட்டல்கள் வந்தன. சில ஆட்டக்காரர்கள் சொன்னதை மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு அந்த இருவருக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

1985 அக்டோபர் என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. நான் பன்னிரண்டு வரி எழுதியது அதற்கு மூன்றே மாதம் கழித்து.

அதே மாநிலத்தில் லூயிவில் என்ற ஊரிலும் இப்படி ஒரு விவகாரம். 2017 செப்டம்பரில் நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர்கள் பத்துப் பேர் மீது குற்றம் சாட்டினார்கள். அதில் நான்கு பேர் வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்கள். அடிடாஸ் ஷூ கம்பெனிக்காரர்களும் உண்டு. ஒரு பையனை லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்க்க அவன் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் பேசினார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பணம் வாங்கியது மகனுக்குத் தெரியாது என்று அப்பா கோர்ட்டில் சாட்சி சொன்னார். இந்த முறை குற்றவாளிக் கூண்டில் நின்றது கொடுத்தவர்கள்தான். அப்படியிருந்தும் அந்தப் பையனால் அமெரிக்கக் கல்லூரி அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. ஷூவில் ஆரம்பித்துப் பையனில் முடிவது அங்கேயும் அப்படித்தான்.

இது நடந்து நாலு வருடம்கூட ஆகவில்லை, 2021 ஜூலையில் விதியையே மாற்றிவிட்டார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். இதைப் பின்னால் மாப்பிள்ளை போனில் சொன்னார்.

ஊர் திரும்பிய மறுவாரம் ராஜபாளையம் போனேன். அந்தப் பையனுக்கு, பையன் என்ன, ஐம்பது தாண்டிவிட்டது, லாரி செட்டில் வேலை. காலையில் ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயே போனேன். விசில் ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு "வாங்க சார்" என்று சிமெண்ட் திண்ணையைத் துண்டால் தட்டிவிட்டார்.

அப்பா இறந்து பல வருடம் ஆகிறது என்றார். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "அன்னைக்கு உங்க அப்பாகிட்ட மதுரையில வெட்டிட்டாங்கன்னு சொன்னேன். அது பொய். நான்தான் எழுதலை."

அவர் ஆடுகளத்தைப் பார்த்தபடியே, "தெரியும் சார். அப்பா அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டார்" என்றார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே, "இவனுகளுக்கு முதல் பாடம் ஷாட் இல்ல சார். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேங்கறதுதான்" என்றார்.

இன்றைக்குப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். நல்ல விஷயம்தான். ஆனால் சான்றிதழுக்கு மதிப்பு கூடக் கூட, அதைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருகிறவர்களும் கூடத்தான் செய்வார்கள். பேரப்பிள்ளைகள் ஆடுகிற வீடுகளில் இதைக் கொஞ்சம் சொல்லி வையுங்கள்.

பேப்பரில் "போலிச் சான்றிதழ் மாணவர்" என்று படித்தால், அந்தக் காகிதத்தை டைப் அடித்தது யார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். செய்தியில் அது இல்லையென்றால், எழுதியவருக்குத் தெரிந்தே விட்டிருக்கவும் கூடும்.

அந்தக் கல்லூரியின் பெயரை இப்போதாவது போடலாமே என்பீர்கள். அன்று கையில் நகல் இருந்தது. இன்று இல்லை. ஆதாரம் இருந்தபோது எழுதாதவன், இல்லாதபோது எழுதுவது நியாயமில்லை. பையனின் பெயரையும் இதில் எங்கும் எழுதவில்லை. ஒரு தடவை எழுதியதே போதும்.