கடலோர காட்டேஜில் தங்கப் போறீங்களா? ராத்திரி விளக்கை அணைச்சிடுங்க!

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வழிநெடுக வாடகை காட்டேஜ்கள். சனிக்கிழமை சாவி வாங்கி ஞாயிறு மாலை திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள்தான் அதிகம். முட்டுக்காடு படகு சவாரி, தட்சிணசித்ரா எல்லாம் இதே சாலையில்தான். காலையில் கோவளம் பக்கம் போனால், படகில் வந்திறங்கும் சங்கராவைப் பேரம் பேசி வாங்கி, காட்டேஜ் அடுப்பிலேயே குழம்பு வைத்துவிடலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரைக்கு இன்னொரு விருந்தாளியும் வருகிறது. பங்குனி ஆமை! இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, சுமார் 100 முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளியே வரும்.

சிக்கல் அங்கேதான். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் கடல் என்பது குஞ்சுகளின் கணக்கு. காட்டேஜ் மாடியில் ஃபோகஸ் லைட் எரிந்தால், அலையை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் ஊர்ந்துபோய் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன. இதைத் தடுக்க 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் சென்னைக் கரையில் இரவு முழுக்க நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள்.

தங்குபவர்கள் செய்ய வேண்டியது ரொம்ப சுலபம். இருட்டியதும் கடலைப் பார்த்த விளக்குகளை அணையுங்கள். ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். ஆமையைப் பார்த்தால் டார்ச், செல்போன் ஃபிளாஷ் வேண்டாம்.

குழந்தைகளுக்கும் இருட்டில் நட்சத்திரம் தெரியும்!