தோண்டுவதற்கு முன் ஒரு வரைபடம்

 

மழைக்காலம் நெருங்குகிறது. எங்கள் தெருவில் எங்கே பார்த்தாலும் கடப்பாறைச் சத்தம். ஒரு வீட்டில் மழைநீர் சேகரிப்புக் குழியைத் தூர் வாருகிறார்கள். 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது தோண்டியது, இப்போது மண் மூடிக் கிடக்கிறது. அடுத்த வீட்டில் தென்னங்கன்று வைக்கக் குழி. அதற்கும் அடுத்த வீட்டில் கார் நுழைவதற்காக கேட்டை அகலப்படுத்துகிறார்கள்.

போன வாரம் அந்த கேட் தூணுக்குக் குழி எடுத்த தம்பி கடப்பாறையை ஓங்கி இறக்கியதும் பட்டென்று ஒரு சத்தம். போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போகும் கேபிள். ஆர்.சி.சி.பி. இருந்ததால் அந்தக் கணமே மின்சாரம் நின்றது. தம்பி பிழைத்தார். "இங்க வயர் போகுதுன்னு எனக்கே தெரியாது சார்" என்றார் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. வீட்டைக் கட்டியவர் அவருடைய அப்பா. வயர் போகும் வழி அப்பாவுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா இன்று இல்லை.

இதனால்தான் இந்தப் பதிவு. நம் வீட்டுப் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வீட்டைச் சுற்றி மண்ணுக்கடியில் என்ன ஓடுகிறது என்பதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"மின்வாரியத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்களா?" என்பீர்கள். மீட்டர் வரைக்கும் வரும் கேபிளைப் பற்றி அவர்கள் சொல்லலாம். மீட்டருக்குப் பிறகு உள்ளதெல்லாம் நம் பொறுப்பு. மோட்டார் கேபிள், கேட் விளக்கு வயர், சம்ப்புக்குப் போகும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எர்த் கம்பி, இன்டர்நெட் கேபிள் எதுவும் எந்த அலுவலகத்தின் வரைபடத்திலும் இருக்காது.

ஆழத்தை நம்பவும் முடியாது. தெருவில் போடும் தாழ்வழுத்த மின் கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் பதிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வீட்டுக்குள் நாமே போடும் வயர் அரையடியில்கூடக் கிடக்கும். தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தக் குழி இரண்டையும் தாண்டித்தான் போகும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் பயமில்லை என்பது. அணைப்பது அவசியம்தான். ஆனால் மின்வாரியத்திலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளில் அப்போதும் மின்சாரம் இருக்கும். உங்கள் வீட்டுக்குத் தரைக்கடியில் கேபிள் வந்தால், அந்தப் பக்கம் தோண்டும் முன் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்த உடனே அது உயிர் பெற்றுவிடும். அதையும் அணைக்க வேண்டும்.

தோண்டும்போது மண் நமக்குச் சில அடையாளங்கள் காட்டும். முறையாகப் போட்ட கேபிளைச் சுற்றி மணல் பரப்பி, மேலே செங்கல் வரிசை வைத்திருப்பார்கள். சிலசமயம் எச்சரிக்கை நாடாவும் இருக்கும். இறுகிய மண்ணுக்கு நடுவே திடீரென்று மணலோ வரிசையாகச் செங்கல்லோ வந்தால் உடனே கடப்பாறையை வைத்துவிடுங்கள். அதன்பின் மண்வெட்டியால் மெல்ல மெல்ல ஒதுக்கித்தான் பார்க்க வேண்டும்.

எர்த் கம்பி அறுந்தால் எந்தச் சத்தமும் வராது. விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும். ஆனால் நம்மைக் காக்கும் வழி அறுந்திருக்கும். பல மாதம் கழித்து ஒருநாள் ஃபிரிட்ஜைத் தொடும்போதுதான் தெரியும். எனவே எர்த் குழி இருக்கும் பக்கம் தோண்டினால், வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள்.

குழாய் எரிவாயு இப்போது நம் ஊர்களுக்கும் வரத் தொடங்கிவிட்டது. மஞ்சள் நிறக் குழாய் தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். அதில் கீறல் விழுந்தால்கூட மண்ணைப் போட்டு மூடக் கூடாது. வாசனை வந்தால் எல்லோரும் தள்ளிப் போய்விட வேண்டும். அங்கே நின்று சுவிட்சையோ செல்போனையோ தொடக் கூடாது. தூரம் போன பிறகு எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அங்கே 2007 முதல் 811 என்ற எண் இருக்கிறது. தோண்டுவதற்குச் சில வேலை நாட்கள் முன்பே சொன்னால் ஆள் வந்து இலவசமாக அடையாளம் போடுவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. ஆனால் அங்கேயும் மீட்டர் தாண்டி நீங்களே போட்ட வயருக்கும் தோட்டக் குழாய்க்கும் அடையாளம் போட மாட்டார்கள். நம் நாட்டிலும் 2023 மார்ச் 22-ல் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கினார்கள். தெருவைத் தோண்டும் நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் குழாய், கேபிள் உடையவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க அது உதவும். நம் காம்பவுண்டுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவும் சொல்லாது.

ஆகவே நாமே வரைந்தால்தான் உண்டு. "முக்கோணம் வரையுறது எதுக்கு சார் உதவும்?" என்று வகுப்பில் கேட்டீர்களே, இதற்குத்தான்! சுவரின் இரண்டு மூலைகளைத் தேர்ந்தெடுங்கள். வயர் திரும்பும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த இரண்டு மூலைகளிலிருந்தும் உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். மூன்று பக்கம் தெரிந்தால் முக்கோணம் வரையலாம், இல்லையா? எத்தனை வருடம் கழித்தும் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம். மரத்தை வைத்து அளக்காதீர்கள், மரம் நாளை இருக்காது. புதிதாக வயரோ குழாயோ போட்டால், மூடும் முன் டேப்பை அருகில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அப்பாவையோ தாத்தாவையோ முற்றத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். வீடு கட்டிய கதையோடு சேர்த்து எல்லாவற்றையும் சொல்வார்கள். அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நம் வீட்டில் கடப்பாறை பிடிப்பவர் பெரும்பாலும் நாம் இல்லை. தினக்கூலிக்கு வரும் யாரோ ஒருவர். கையில் இருப்பதோ இரும்பு, காலில் பல நேரம் செருப்புகூட இருக்காது. "இங்கே தோண்டுங்க" என்று கை காட்டுவது நாம். கை காட்டும் முன் தெரிந்துகொள்வது நம் கடமை.

படம் வரைந்தவர்கள் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பழைய பழக்கம் விடவில்லை, சிவப்புப் பேனா தயாராக இருக்கிறது!

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்