பத்மநாபபுரத்தில் ஒரு பகல்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தாருக்குப் பயணம் என்றால் பெரும்பாலும் ஊருக்குப் போவதுதான். திருமணம், காதுகுத்து, கோயில் கொடை, இறப்பு என்று ஏதேனும் ஒன்று அழைக்கும். இரவு வண்டியில் ஏறிக் காலையில் இறங்கி, கடமையை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பிவிடுவோம். ஒரு பகற்பொழுதை வீணே கழிப்பதற்கென்று வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும் வழக்கம் நம்மவரிடம் குறைவு. ஸ்ரீவராகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த நாங்கள் இருவரும் அவ்வாறு புறப்பட்டது சென்ற ஆவணியில் ஒரு புதன்கிழமைதான்.

காரணமே இல்லை என்று சொல்வதும் முழு உண்மையன்று. பணி ஓய்வு பெற்றபின், வராகமூர்த்தி கோயில் குளத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிறு வீட்டை விற்றுவிட்டு நெல்லைச் சீமைக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்ற பேச்சு பல மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் போவோம் என்றால் மற்றவர் இருப்போம் என்பார். மறுவாரம் அதே இருவரும் கட்சி மாறிப் பேசுவோம். வாங்க வந்தவரோ ஆவணி முடிவதற்குள் விடை வேண்டும் என்று கெடு வைத்திருந்தார். ஒரு நாளேனும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டு, தம்பானூரில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினோம்.

கரமனை, நெய்யாற்றின்கரை, பாறசாலை கடந்து களியக்காவிளை வந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதுதான் இங்கே எல்லைக்கோடு விழுந்தது. அதற்காக 1954 ஆகஸ்டில் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தவர்கள் உண்டு. மார்த்தாண்டம் கடைத்தெருவில் பேருந்து ஊர்ந்து செல்கையில் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தக்கலையில் இறங்கித் தேநீர் பருகினோம். பக்கத்தில் ஓர் அம்மையார் மட்டிப்பழத் தார்களைத் தொங்கவிட்டிருந்தார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. விரல் அளவே இருந்தாலும் மணம் பெரிது. "எங்க இருந்து வாறிய?" என்றார். திருவனந்தபுரம் என்றோம். "அப்போ நம்ம ஊருதானே! அங்க ஆசுபத்திரிக்கு நாங்க வராத மாசம் இல்ல" என்று கூறி இரண்டு பழங்களைக் கூடுதலாக வைத்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் நெல்லையில் எங்களை 'மலையாளத்துக்காரர்' என்றும், இங்கே 'பாண்டி' என்றும் சொல்லக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். நம்ம ஊர் என்ற சொல் புதிதாகக் காதில் விழுந்தது.

அரண்மனை அங்கிருந்து சிறு தொலைவு. கல்குளம் என்ற பழம்பெயரை நீக்கிப் பத்மநாபபுரம் என்று பெயரிட்டவர் மார்த்தாண்டவர்மர். நிலம் தமிழ்நாட்டுடையது, பேணிக் காப்பதோ இன்றும் கேரளத் தொல்லியல் துறை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூமுகத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது குதிரை விளக்கு. மேலே மந்திரசாலையின் கருந்தரை நம் முகத்தைக் காட்டுகிறது. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைக் கலந்து மெழுகியது என்கிறார்கள். வெறுங்காலில் அதன் குளிர்ச்சி ஏறும்போது வெளியிலுள்ள வெயில் மறந்துபோகிறது. தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூண் ஒன்றின் செதுக்கலைப் பார்த்தபடி கால்மணி நேரம் நின்றோம். விரைந்து செல்லும் சுற்றுலாக் கூட்டம் எங்களை விலக்கிக்கொண்டு நகர்ந்தது.

எங்களை அதிக நேரம் இருத்தியது ஊட்டுப்புரைதான். மேலும் கீழுமாக இரண்டு தளங்கள்; ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ணலாம். ஊறுகாய்ச் சாடிகள் ஓரமாக நிற்கின்றன. இத்தனை பேருக்கு இலை போட்டுச் சோறிட்ட இடம் 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தபின் எப்படி அடங்கிப் போயிருக்கும் என்று எங்களுள் ஒருவர் கேட்டார். அப்படியானால் பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து அங்கே போனவர்களில் அரசரும் ஒருவர் என்றார் மற்றவர். சிரித்தோம்.

நவராத்திரி மண்டபத்துக்கு அருகில் தேவாரக்கெட்டுச் சரசுவதி எழுந்தருளியிருக்கிறாள். கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது ஐதிகம். ஆண்டுதோறும் புரட்டாசியில் அவளும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்றி நங்கையும் நாங்கள் வந்த அதே சாலையில் புறப்படுகிறார்கள். உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும். இரவுகளைக் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் கழித்து மூன்றாம் நாள் கரமனையை அடைவார்கள். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்வர். சரசுவதி கோட்டைக்குள்ளும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்கி, விழா முடிந்தபின் திரும்புவார்கள். கோட்டையில் அவளை எத்தனையோ ஆண்டுகள் கும்பிட்டிருக்கிறோம். அவள் வீட்டில் வைத்துக் கும்பிட்டது இதுவே முதல் முறை. "ஒன்பது நாளைக்கு இவ்வளவு தூரம் வர்றாளே, அலுப்பாக இருக்காதா?" என்று காவலாளியிடம் கேட்டோம். அவர் மலையாளம் கலந்த தமிழில், அவள் புறப்பட்டபின் தமக்குத்தான் இங்கே பொழுது போவதில்லை என்றார்.

மாலையில் பீர்முகம்மது அப்பா தர்காவில் சற்று அமர்ந்தோம். தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து வாழ்ந்த ஞானப் புலவர் அவர். அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை ஆண்டு விழாவில் விடியுமட்டும் பாடும் மரபு இன்றும் உண்டு.

திரும்பும் பேருந்தில் சாரல் அடித்தது. உடன்படிக்கையை இருவரும் மீறவில்லை. நெய்யாற்றின்கரை தாண்டியதும், கொலுப்படிப் பலகைகளில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது என்று எங்களுள் ஒருவர் சொன்னார். சாலைக் கடைத்தெருவில் தச்சரிடம் இந்த வாரமே சொன்னால்தான் நவராத்திரிக்குள் கிடைக்கும் என்றார் மற்றவர். ஐந்து படியா, ஏழு படியா என்பதில் மட்டும் கரமனைப் பாலம் வரும்வரை உடன்பாடு ஏற்படவில்லை.