வண்டி போயிற்று, பெயர் போகவில்லை

முன்னாளில் எமது கிராமங்களில் மாடு விற்பவர்கள், விதானையாரைக் கொண்டு மாட்டுச் சீட்டை எழுதுவித்த பின்னரே கயிற்றை மற்றவர் கையிற் கொடுப்பர். எழுத்தறியாத முதியவர்களும் இதில் தவறமாட்டார்கள். பட்டம் பெற்று, "வாசித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்" என்று பல ஆண்டுகளாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போதித்துவரும் நாமோ, மோட்டார் வண்டியொன்றை விற்றபோது அவ்வளவு அறிவுடன் நடந்துகொண்டோமில்லை. அதனால் நேர்ந்ததை இங்கு எழுதுவது, பிறருக்காவது பயன்படும் என்ற எண்ணத்தினாலேயே.

2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வரிசைகளில் நின்று சலித்துப்போன நாம், எமது சிறிய காரை விற்றுவிடத் துணிந்தோம். 2020ஆம் ஆண்டு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளுக்கு நல்ல விலை இருந்தது. தரகர் ஒருவர் வந்தார், பேரம் முடிந்தது. எம் இல்லாள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இராகு காலம் கழிந்த நல்ல நேரமொன்றைக் குறித்துத் தந்தாள்.

அந்நேரத்தில் தரகர் உரிமை மாற்றப் படிவங்களை எம்முன் நீட்டினார்.

"மாஸ்ரர், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ. பேரையும் திகதியையும் நாங்கள் பிறகு நிரப்புவம்."

இதனை எம் நாட்டில் 'ஓப்பின் பேப்பர்' என்பார்கள். விற்பவர் கையெழுத்து வைப்பார். வாங்குபவரின் பெயர் வரவேண்டிய இடமும் திகதி வரவேண்டிய இடமும் வெறுமையாக இருக்கும். இடையில் வாங்கி விற்பவர்களுக்கு இதில் இரண்டு இலாபங்கள் உண்டு. ஒன்று, பெயர் மாற்றுவதற்கான செலவு மிஞ்சும். மற்றையது, உரிமையாளர் பட்டியலில் ஒரு பெயர் கூடாதமையால் வண்டியின் விலை குறையாது. நாமும் இதனை அறியாதவரல்லேம். எனினும், வீடு தேடி வந்த மனிதரைச் சந்தேகிப்பது பண்பன்று என எண்ணினோம். நல்ல நேரமும் கழிந்துகொண்டிருந்தது. கையெழுத்து வைத்தோம். பஞ்சாங்கத்தில் நாள் பார்த்த நாம், படிவத்தில் நாள் இடவில்லை.

14 மாதங்கள் கழிந்தன. ஒரு மாலைப்பொழுதில் பொலிஸ் உத்தியோகத்தர் இருவர் எமது படலையைத் திறந்துகொண்டு வந்தனர். முதல் நாள் இரவு வன்னியில், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய இளைஞன் ஒருவனை ஒரு கார் மோதிவிட்டு நில்லாமற் சென்றதாம். கண்டவர்கள் இலக்கத்தைக் குறித்துக் கொடுத்திருந்தனர். அது எமது இலக்கம்.

"நாம் அதனை விற்றுவிட்டோம்" என்றோம்.

"ஆருக்கு வித்தனீங்கள், சேர்?" என்றார் மூத்தவர்.

எம்மிடம் விடையில்லை. தரகரின் பெயரை மட்டுமே அறிவோம்; அவரது அடையாள அட்டை இலக்கத்தைத்தானும் குறித்துவைத்தோமில்லை. அவரைத் தேடிப் பிடித்தபோது அவர் இன்னொருவரைக் காட்டினார். அவர் மற்றொருவரைக் காட்டினார். எமது ஒரே கையெழுத்துடன் வண்டி மூன்று கைகள் மாறியிருந்தது. எமது பெயரிலிருந்த காப்புறுதியும் காலாவதியாகியிருந்தது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கூறுவதை நாம் பின்னரே படித்தோம். வண்டி கைமாறினால், பதிவுபெற்ற உரிமையாளர் 14 நாட்களுக்குள் அதனை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். வாங்கியவரும் தம் பெயரில் பதியுமாறு விண்ணப்பித்தல் வேண்டும். ஆகவே, குற்றம் தரகருடையது மட்டுமன்று, எமதுங்கூட.

சில நாட்களின் பின் ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். கால் முறிந்து கிடந்த இளைஞனின் அருகில் அவனது தந்தையார் அமர்ந்திருந்தார். நாம் விளக்கத் தொடங்கினோம். அவர் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டுக் கூறியதாவது:

"மாஸ்ரர், நீங்கள் ஓட்டேல்லை எண்டு எனக்கு விளங்குது. ஆனால் போய்க் கேக்கிறதுக்கு எங்களிட்டை உங்கடை பேர் மட்டுந்தானே இருக்குது."

அதன்பின் எம்மால் எதுவும் பேச இயலவில்லை. அதுவரை நாம் எமது மானத்தையும் எமக்கு வரக்கூடிய வழக்கையும் பற்றியே கவலையுற்றிருந்தோம். பதிவேட்டில் ஒருவர் பெயர் இருப்பது, அந்த வண்டியால் தீங்கு நேர்ந்தால் சென்று கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு என்று ஊருக்குக் கொடுக்கும் வாக்கு என்பதை அந்த ஏழைத் தகப்பனாரே எமக்கு உணர்த்தினார். நாம் வெறுமையாக விட்ட இடத்திலே, ஓடி ஒளிந்தவன் மறைந்திருந்தான்.

உடைந்த முன்விளக்கைத் திருத்தக் கொடுத்த இடத்தில் அவன் அகப்பட்டான். அதற்குள் ஐந்து மாதங்கள் சென்றுவிட்டன. எம்மீது வழக்கு வரவில்லை. ஆயினும் அந்த ஐந்து மாதங்களும் மருந்துச் செலவுக்கு அக்குடும்பம் கடன்பட்டது. நாம் இயன்றதைக் கொடுத்தோம். அதனைத் தருமம் என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை.

ஆகவே, விற்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வண்டியைக் கொடுத்த திகதியோடு மணியையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கைமாற்றத்தை அறிவிக்கும் எம்.ரி.ஏ. 8 படிவத்தை நீங்களே பதிவுத் தபாலில் திணைக்களத்துக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் தெரிவியுங்கள். 2024 ஜனவரியில், கொழும்பு வீதிகளிற் கமராக்களில் அகப்படும் குற்றங்களுக்குப் பதிவேட்டிலுள்ள உரிமையாளரைத் தேடி அறிவித்தல் அனுப்பும் முறையையும் பொலிசார் ஆரம்பித்தனர்.

வாங்குபவர்களும் இதனைப் பிறர் கவலையென்று இருந்துவிடலாகாது. பெயர் மாற்றுமுன் விற்றவர் இறந்துவிடின், அவரது வாரிசுகளின் வாசல்தோறும் அலைய நேரும்.

சென்ற தை மாதத்தில் எமது மோட்டார் சைக்கிளை ஓர் இளைஞருக்கு விற்றோம். "உதெல்லாம் பிறகு பாப்பம், சேர்" என்றார் அவர். நாம் இணங்கவில்லை. ஒவ்வோர் இடத்தையும் நிரப்புவித்துப் பிரதியெடுத்து வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இளைஞர் முகத்தைச் சுளித்தார். இல்லாள் குறித்துத் தந்த நல்ல நேரமும் தவறிப்போயிற்று. அதற்காக நாம் வருந்தவில்லை.