முதல் பைக்கே பெரிய பைக்கா?

இப்போதுதான் வண்டி பழகும் தம்பிகள் பலர் 650 சிசி பைக் கேட்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஸ்ப்ளெண்டருக்குச் சுமார் 8 குதிரைத்திறன்; இன்டர்செப்டர் 650-க்கு 47. எடை 200 கிலோவுக்கு மேல்.

பதற்றத்தில் புதியவரின் கை ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கிவிடும். மணல் கிடக்கும் வளைவில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் டயர் வழுக்கும்.

பிரிட்டனில் 17 வயதில் 125 சிசிதான். 19 வயதில் 35 கிலோவாட், அதாவது இதே 47 குதிரைத்திறன் வரை. இங்கே 18 வயதில் கியர் வண்டி லைசென்ஸ் எடுத்தால் எந்த பைக்கையும் ஓட்டலாம். அந்தப் படிகளை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் 125, 150 சிசியில் கிளட்சும் பிரேக்கும் கைக்குப் பழகட்டும். பெரிய பைக் எங்கேயும் ஓடிப்போகாது தம்பிகளே, நிதானமாக வாங்குங்கள்.