நர்சரிக்குப் போகும் முன்

கண்ணு,

கோவளம் பக்கத்து வீட்டில் முன்னும் பின்னும் என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் செடிகள் பூத்துக் குலுங்குகின்றன. ஆரஞ்சு, ஊதா, அடுக்குப்பூ, குட்டை ரகம் என்று பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட உன் மண்ணில் நின்று பூத்தது இல்லை. செடியைப் பிடித்துவிட்டு அதற்கு இடம் தேடுகிறாய். இடத்தை முதலில் தெரிந்துகொள் என்பேன் நான்.

உன்னுடையது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. வீடு, கார் நிறுத்துமிடம், சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் போக மிஞ்சுவது முன்னால் ஒரு துண்டு, பின்னால் அதைவிடச் சின்னத் துண்டு, இரு பக்கமும் குறுகலான சந்து. மண்ணோ கடற்கரை மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். கிழக்கிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கும். போர் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். மழைக்காலத்துத் தண்ணீரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வைகாசியில் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். அந்த மாதத்துத் தண்ணீரைக் குடித்துப் பிழைக்கக்கூடியதைத்தான் வைக்க முடியும்.

வெயிலும் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் விழுவதில்லை. சென்னைப் பக்கம் சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும்வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் தெற்கே போய்விடும், வடக்குச் சந்து நாள் முழுக்க வீட்டு நிழலிலேயே கிடக்கும். ஆடியில் வடக்குச் சந்தைப் பார்த்து, "நல்ல வெயில், செம்பருத்தி வைக்கலாம்" என்று வைப்பவர்கள் தையில் பூவே இல்லை என்று உரத்தைக் கொட்டுகிறார்கள். செடிக்கு வேண்டியது உரம் இல்லை, வெயில்.

உன் ஊர்ப் பக்கம் என்ன மரம் தாங்கும் என்பதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. கடலோரக் கோயில்களின் தல மரங்களைக் கவனித்திருக்கிறாயா? மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் புன்னை. திருவொற்றியூரில் மகிழம். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி. மூன்று கோயிலும் கடற்காற்று படுகிற தூரத்தில் இருப்பவை. மணலையும் உப்பையும் தாங்குகிற மரங்கள் அங்கே பக்தியோடு சேர்ந்து நிலைத்திருக்கின்றன. இதை நான் புராணத்துக்காகச் சொல்லவில்லை. ஓர் ஊரில் பல தலைமுறை கண்ட மரம் எது என்று விசாரிப்பது, எந்த நர்சரிக்காரர் சொல்வதையும்விட உறுதியான தகவல்.

குல்மோஹர் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மே மாதத்தில் அது பூத்து நிற்கும்போது யாருக்குத்தான் வேண்டாமலிருக்கும்? மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். பள்ளிக்கூட மைதானம் போன்ற விசாலமான இடத்தில் குடை விரித்து நிற்கட்டும். உன் வீட்டு முன்னால் வேண்டாம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்து போன மறுநாள் சென்னைத் தெருக்களில் கிடந்தவற்றில் குல்மோஹரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் ஏராளம். வேகமாக வளரும் மரத்தின் கட்டை பெரும்பாலும் லேசாக இருக்கும், கிளை சீக்கிரம் முறியும். வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் ஓடியிருந்தால் மரமே சாயும். அந்தத் தெருக்களில் மரத்தின் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. அடிமரம்வரை சிமென்ட் போட்டு மூடியிருந்தார்கள். மழைநீர்க் கால்வாய் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை அப்படியே வெட்டியிருந்தார்கள். மூச்சுவிட இடமில்லாமல் ஒற்றைக்காலில் நின்ற மரம் எப்படிக் காற்றைத் தாங்கும்? நீ எந்த மரம் வைத்தாலும் அதைச் சுற்றி நான்கடிக்காவது மண்ணை மண்ணாக விடு. கார் நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ் போட வருபவர் அதையும் சேர்த்து மூடத்தான் பார்ப்பார். அப்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

முன்பக்கத்துக்குப் பூவரசுதான் என் மனதில் இருக்கிறது. உப்புக்காற்றுக்கு அஞ்சாத மரம். காலையில் மஞ்சளாக விரிகிற பூ சாயங்காலத்துக்குள் சிவந்து சுருங்கும். ஒரே மரத்தில் இரண்டு நிறமும் சேர்ந்து இருப்பதை நீ தினமும் பார்க்கலாம். பாப்பா வளர்ந்ததும் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவாள். அந்த இலையில் மாவை வைத்து அவித்த கொழுக்கட்டையின் வாசனை வேறெதிலும் வராது. நர்சரியில் பூவரசை அழகுச் செடி என்று யாரும் காட்டமாட்டார்கள். அழகு மரம் என்றால் எங்கிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு நம்மிடம் எப்படியோ ஊறிவிட்டது. எனக்கு அதில் மெய்யான வருத்தம் உண்டு.

வைப்பதற்கு முன் அண்ணாந்து பார். மின்கம்பி போகிறதா? அப்படியானால் நேர் கீழே மரம் கூடாது. சம்புக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போ. பிறகு பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். கிளை அவர்கள் பக்கமும் போகும், இலை அவர்கள் வாசலிலும் விழும். கன்று முழங்கால் உயரம் இருக்கும்போது கேட்டால் மகிழ்ச்சியாகத் தலையாட்டுவார்கள். மாடி உயரம் வந்த பிறகு பேசினால் அது வழக்காகத்தான் முடியும். இன்னொன்று, உதிர்கிற சருகைக் கூட்டப்போவது யார்? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் தலையில் அதைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடாதே. கூட்டுவது நீயாக இருந்தால் எவ்வளவு சருகு உதிர்க்கிற மரமும் வைத்துக்கொள்ளலாம்.

அரளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை நடுவே இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பதைப் பார்த்து, பராமரிப்பே வேண்டாத செடி என்று பட்டியலில் சேர்த்திருக்கிறாய். சாலையில் அதை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் அதிகம் கேட்காது, புகையைத் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது. ஆடு மாடு ஏன் வாய் வைக்கவில்லை என்பதை யோசித்துப் பார். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத் துடிப்பைக் கெடுக்கும் நஞ்சு. கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்று நிறுத்தியது. பாப்பா இப்போதுதான் தவழ்கிறாள். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகிற வயசு. மஞ்சள் அரளியின் காய் இன்னும் மோசம். இரண்டும் உன் காம்பவுண்டுக்குள் வேண்டாம். சாலைக்கு நல்ல செடிதான், தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இல்லை.

இனி நான் சொல்லப்போவது உன் காம்பவுண்டுக்கு வெளியே நடப்பது. இதைத்தான் நீ எல்லாவற்றையும்விட மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உண்ணிச்செடியை உனக்குத் தெரியும். ஊட்டிக்கோ மசினகுடிக்கோ போகும்போது சாலையோரம் ஆரஞ்சும் மஞ்சளும் ரோஸும் கலந்த குட்டிக் கொத்துப் பூக்கள். அமெரிக்க வெப்பமண்டலச் செடி அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். வேலியோரம் வைக்க வாகான, பூச்சி அரிக்காத, வெட்ட வெட்டத் தழைக்கும் செடி என்று தோட்டம் தோட்டமாகப் பரவியது. பழத்தைப் பறவைகள் தின்று காட்டில் எச்சமிட்டன. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரப் புதராக நிற்பது அதுதான். மானும் காட்டெருதும் மேய்கிற புல் அதற்கடியில் முளைப்பதில்லை. நீலகிரிப் பழங்குடி மக்கள் அந்தக் குச்சிகளை வெட்டி நிஜ அளவு யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில்கூட நின்றன. அருமையான கைவேலை. ஆனாலும் வெட்டித் தீர்கிற அளவில் இல்லை அந்தப் புதர்.

மஞ்சக்கொன்னையின் கதையும் இதேதான். அதுவும் அமெரிக்காவிலிருந்து அழகுக்கும் நிழலுக்கும் வந்த மரம், இப்போது முதுமலைக் காட்டுக்குள் கூட்டம் கூட்டமாக நிற்கிறது. அதை வேரோடு எடுத்துக் காகித ஆலைக்குக் கூழாக அனுப்பும் வேலை நடக்கிறது. அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கை வெளியிட வேண்டியிருந்தது. ஏரிகளை மூடுகிற ஆகாயத்தாமரையும் ஊதாப் பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதே. கொண்டுவந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என் தோட்டத்தில் நன்றாக இருக்கிறது என்பதோடு அவர்கள் யோசனை நின்றுவிட்டது. காய் எங்கே போகும், விதையை யார் கொண்டுபோவார்கள் என்று கேட்கவில்லை. அதற்கான கூலியைப் பெயர்கூடத் தெரியாத யாரோ இருநூறு வருஷம் கழித்துக் கொடுக்கிறார்கள்.

அதனால்தான் கட்டட மேஸ்திரி சொன்ன கோனோகார்பஸுக்கு நான் உடனே வேண்டாம் என்றேன். எதிர் மாடியிலிருந்து பார்வை விழுகிறது, மறைப்பு வேண்டும் என்பது நியாயம். ஆறே மாதத்தில் பச்சைச் சுவர் எழும்பும் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதன் வேர் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும், மகரந்தம் சிலருக்கு மூச்சுத் தொல்லை தரும். குஜராத் 2023இல் நிறுத்தியது, தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் வளர்க்கவும் விற்கவும் தடை விதித்தது. மறைப்புக்கு மருதாணியை நெருக்கமாக வை. மெதுவாகத்தான் வரும்; வந்த பிறகு சாயங்காலம் பூவின் மணம் ஜன்னல்வரை வரும், கைக்கு இட்டுக்கொள்ள இலையும் கிடைக்கும். அதுவரை சில மாதம் ஒரு திரைச்சீலை போதும்.

சிறு செடிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, பிடிக்காவிட்டால் இடம் மாற்றலாம். மொட்டை வெயில் விழுகிற சுவரோரத்தில் காகிதப்பூ வை. தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூக்கும். பாசத்தில் தினமும் ஊற்றினால் இலையாகத் தழைத்துக்கொண்டு போகும். முள் இருக்கிறது, பாப்பாவுக்கு எட்டாத பக்கமாகப் பார். நிழல் விழும் வடக்குச் சந்தில் நந்தியாவட்டை நன்றாக வரும், ஒடித்தால் பால் வடியும் என்பதால் குழந்தை விளையாடுகிற இடத்தில் வேண்டாம். இட்லிப்பூ நம் மண்ணுக்குச் சொந்தமான செடி. உப்புத் தண்ணீரில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்; இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். ஆகவே அதைத் தரையில் வைக்காமல் தொட்டியில் செம்மண்ணும் மக்கிய எருவும் போட்டு, பிடித்து வைத்த மழைத்தண்ணீர் கொடு. சமையலறைப் பக்கம் ஒரு கறிவேப்பிலை. அதன் இலையில் பச்சைப்புழு தெரிந்தால் மருந்து அடிக்க ஓடாதே, பெரிய வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கப்போகிறவை அவை. சாம்பாருக்கு நாலு இலை குறைந்தால் பரவாயில்லை.

நர்சரியில் உயரமான, பூத்திருக்கிற கன்றைத்தான் முதலில் நீட்டுவார்கள். பையிலேயே அதிக நாள் நின்ற கன்றின் வேர் உள்ளே வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். நட்ட பிறகும் அது சுற்றிக்கொண்டேதான் வளரும், பல வருஷம் கழித்து ஒரு காற்றில் சாயும்போதுதான் காரணம் தெரியும். பையின் அடியைப் பார்க்கக் கேள். தடித்த வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் வேறு கன்று எடு. குட்டையாக, தண்டு உறுதியாக இருப்பது போதும். சில செடிகள் கெட்டியான களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே மணலில் புதைத்தால் தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் சுற்றியுள்ள மணலில் இறங்கிவிடும், ஈர மண்ணுக்கு நடுவிலேயே செடி காயும். வேர் அறுந்துவிடாமல் ஓரக் களிமண்ணை மெல்ல உதிர்த்துவிட்டு நடு.

ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்ததும் தொடங்கு. இரண்டடி ஆழம், இரண்டடி அகலத்துக்குக் குழி எடுத்து, செம்மண்ணும் மக்கிய எருவும் மணலும் கலந்து நிரப்பு. பையில் எந்த அளவு மண் இருந்ததோ அதே அளவுக்குத்தான் தண்டு புதைய வேண்டும். கார்த்திகைக் காற்றுக்கு முன் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிடு. மேலே சருகால் மூடாக்கு போட்டால் மணலிலும் ஈரம் நிற்கும்.

பின்பக்க மேற்கு மூலையை மட்டும் இந்த வருஷம் காலியாக விடு. அங்கே வீடே கடற்காற்றை மறைப்பதால் சரக்கொன்றையும் வரும், மகிழமும் வரும். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். சரக்கொன்றை பூக்கும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் வெயில் கொளுத்துகிற அதே மாதங்களில்தான் இலை உதிர்த்து நிற்கும். மகிழம் மெல்ல வளரும், இலை அடர்த்தியாக வருஷம் முழுக்க நிழல் தரும், பூ காய்ந்த பிறகும் மணக்கும். வரும் சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்குப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்பக்கம் கை வைத்துப் பார்த்து எனக்குச் சொல். சுவர் சுட்டால் மகிழம், இல்லாவிட்டால் சரக்கொன்றை. வனத்துறை நாற்றங்காலில் இரண்டுமே கிடைக்கும்; எது என்று சொன்னால் நல்ல கன்றாகப் பார்த்து நானே எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
அத்தை